கடையிலேயே திறந்துவிடப்படும் கதவு

கணினி மெதுவாகிவிட்டது என்று பக்கத்துத் தெரு சர்வீஸ் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனால், பெரும்பாலும் கிடைக்கும் பதில் ஒன்றுதான்: “ஃபார்மேட் போட்டுடலாம் சார், சாயந்திரம் வந்து வாங்கிக்கங்க.” சாயந்திரம் கணினி புதிதுபோல ஓடும். விண்டோஸ், ஆபீஸ், போட்டோஷாப், தமிழ் எழுத்துருக்கள் என்று கேட்டதெல்லாம் ஏற்றப்பட்டிருக்கும். சில நூறு ரூபாய் கூலியில் இவ்வளவும் முடிந்துவிட்ட மகிழ்ச்சியில் வாடிக்கையாளர் வீடு திரும்புவார்.

அந்தப் பிற்பகலில் அவர் கேட்காத மூன்று வேலைகளும் நடந்திருக்கும். உரிமம் இல்லாத விண்டோஸை உரிமம் உள்ளதுபோல் காட்டும் ‘ஆக்டிவேட்டர்’ நிரலைக் கடைக்காரர் இயக்கியிருப்பார். அந்த நிரலைத் தீங்கானது என்று சொல்லித் தடுக்கும் விண்டோஸ் டிஃபெண்டரை அணைத்திருப்பார். உரிமச் சிக்கல் மறுபடி தலைதூக்காமல் இருக்க அப்டேட்டையும் நிறுத்தியிருப்பார். கடைக்காரர் கெட்டவர் அல்ல. வேலை சீக்கிரம் முடிய வேண்டும், வாடிக்கையாளர் காசு அதிகம் தரமாட்டார், மறுநாள் திரும்பி வந்து புகார் சொல்லக் கூடாது. இவ்வளவுதான் அவர் கணக்கு. ஆனால் காவலுக்கு இருந்தவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, பூட்டையும் கழற்றிக் கொடுத்ததற்குச் சமம் இது. கணினி வீட்டுக்கு வந்து இணையத்தில் இணைந்த நிமிடத்திலிருந்து அதன் நிலை அதுதான்.

இணையம் வழியே வரும் வைரஸ் என்றதும், எங்கோ தொலைதூரத்தில் ஒருவர் நம் கணினியைக் குறிவைத்து உடைத்துக்கொண்டு வருவதாகப் பலர் நினைக்கிறார்கள். ஒரு குடும்பத்தின் கணினியை அப்படித் தேடி வருவது மிக அரிது. வலை எல்லோருக்கும் பொதுவாகத்தான் வீசப்படுகிறது. திறந்து கிடப்பவை மாட்டிக்கொள்கின்றன. நம் ஊர் வீடுகளில் அந்தத் திறப்பு பெரும்பாலும் திருட்டு மென்பொருளில் தொடங்குகிறது என்பதை நாம் வெளிப்படையாகப் பேசுவதில்லை. எந்த ஆன்டிவைரஸ் நல்லது என்று மட்டும் கேட்டுக்கொண்டிருக்கிறோம். அது மூன்றாவதாகவோ நான்காவதாகவோ கேட்க வேண்டிய கேள்வி.

மருந்து முதலில், நோய் பிறகு

2003 ஆகஸ்ட் 11 அன்று ‘பிளாஸ்டர்’ என்ற புழு உலகெங்கும் பரவத் தொடங்கியது. விண்டோஸ் எக்ஸ்பி கணினிகளின் திரையில் திடீரென ஒரு சிறு பெட்டி தோன்றும். 60 விநாடிகளில் கணினி அணைந்துவிடும் என்று சொல்லி, ஐம்பத்தொன்பது, ஐம்பத்தெட்டு என்று எண்ணிக்கொண்டே இறங்கும். தட்டச்சு செய்துகொண்டிருந்ததைச் சேமிக்க மட்டுமே நேரம் இருக்கும். மறுபடி இயக்கி இணையத்தில் இணைத்தால் அதே பெட்டி வந்து நிற்கும். இதில் யாரும் எந்த இணைப்பையும் திறக்கவில்லை, எதையும் பதிவிறக்கவில்லை. கணினி இணையத்தில் இருந்தது, அது ஒன்றே போதுமானதாக இருந்தது.

பிளாஸ்டர் நுழைந்த ஓட்டையை அடைக்கும் ஒட்டை (பேட்ச்) மைக்ரோசாஃப்ட் ஜூலை 16 அன்றே வெளியிட்டிருந்தது. நோய்க்கு 26 நாட்கள் முன்பே மருந்து வந்துவிட்டது. அடுத்த ஆண்டு ‘சாஸர்’ வந்தது. எழுதியவர் ஜெர்மனியைச் சேர்ந்த பதின்பருவ மாணவர். மருந்து ஏப்ரல் 13இல் வந்தது, நோய் ஏப்ரல் 30இல். இடைவெளி 17 நாட்கள். 2017இல் உலகையே உலுக்கிய ‘வான்னாக்ரை’ மே 12 அன்று வெடித்தது. அதற்கான ஒட்டு மார்ச் 14இல் வெளியாகியிருந்தது. 59 நாட்கள்.

மருந்துக்குப் பிறகு நோய் வருவது தற்செயல் அல்ல. ஓர் ஒட்டு வெளியானதும், பழைய நிரலையும் புதிய நிரலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எது மாறியிருக்கிறது என்று பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். மாறிய இடம்தான் ஓட்டை இருந்த இடம். அப்டேட் வெளியாகும் நாள், அதைப் போட்டுக்கொண்டவர்களுக்குப் பாதுகாப்பு தருவதோடு, போடாதவர்களின் வீட்டில் எந்தச் சன்னல் திறந்திருக்கிறது என்பதையும் ஊருக்கு அறிவித்துவிடுகிறது. ‘அப்டேட் போட்டா கம்ப்யூட்டர் ஸ்லோ ஆயிடும்’ என்று அதை நிறுத்தி வைக்கும் பழக்கத்தின் ஆபத்து இங்கேதான் இருக்கிறது. வான்னாக்ரை விஷயத்தில் கதை இன்னும் மோசம். அமெரிக்க உளவு அமைப்பான என்.எஸ்.ஏ. தன் வசம் வைத்திருந்த ஆயுதமே திருடப்பட்டு, ஏப்ரல் மாதம் இணையத்தில் பகிரங்கமாகக் கொட்டப்பட்டது. அதை எடுத்து, கோப்புகளைப் பூட்டும் வைரஸோடு கோத்தவர்கள், பூட்டைத் திறக்கக் கணினி ஒன்றுக்கு 300 டாலர் பிட்காயினாகக் கேட்டார்கள். சுமார் 150 நாடுகளில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகள் வீழ்ந்தன. பிரிட்டனின் பொது மருத்துவத் துறையில் முன்பதிவுகளும் அறுவைச் சிகிச்சைகளும் ரத்தாயின.

அப்போது எல்லோரும் பழைய எக்ஸ்பி-யைத்தான் பழித்தார்கள். பிறகு காஸ்பர்ஸ்கை நிறுவனம் கணக்கெடுத்தபோது, பாதிக்கப்பட்டவற்றில் ஏறக்குறைய 98 சதவீதம் விண்டோஸ் 7 என்று தெரியவந்தது. அதாவது, மருந்து கிடைத்துக்கொண்டிருந்த கணினிகள். குறை பதிப்பின் வயதில் இல்லை. வந்த அப்டேட்டைப் போடாததில் இருந்தது.

மருந்தே நின்றுபோகும் கட்டமும் உண்டு. விண்டோஸ் 7க்கான ஆதரவு 2020 ஜனவரி 14இல் முடிந்தது. விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14இல் முடிந்தது; விண்ணப்பித்துப் பதிவுசெய்துகொண்ட வீட்டுப் பயனாளர்களுக்கு மட்டும் ஓராண்டு கூடுதலாகப் பாதுகாப்பு ஒட்டுகள் தர மைக்ரோசாஃப்ட் ஏற்பாடு செய்தது. நல்ல நிலையில் ஓடும் மடிக்கணினிகள் பல, டிபிஎம் 2.0 என்ற சில்லு இல்லாததாலோ செயலி பழையது என்பதாலோ, விண்டோஸ் 11ஐ ஏற்க முடியாமல் நிற்கின்றன. இந்த வீடுகளுக்கு ஒரு வழி லினக்ஸ். அதிலும் ஓட்டைகள் உண்டு, அதற்கும் அப்டேட் போட வேண்டும். ஆனால் வீட்டுக் கணினிகளைத் தாக்கும் வைரஸ்களில் மிகப் பெரும்பாலானவை விண்டோஸுக்காகவே எழுதப்படுபவை. தமிழகத்துக்கு இது புதியதும் அல்ல. 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் மாணவர்களுக்குக் கிடைத்த கணினிகளில் விண்டோஸோடு, சி-டாக் உருவாக்கிய ‘பாஸ்’ லினக்ஸும் இருந்தது. அதைச் சொல்லித்தர ஆளில்லாததால் பல வீடுகளில் அது திறக்கப்படாமலே போனது. கைக்கு வந்த ஒரு நல்ல வாய்ப்பை நழுவவிட்டோம் என்ற வருத்தம் இன்றும் தீரவில்லை.

தமிழ் டிடிபி தொழிலில் இருப்பவர்களின் நிலைமை தனி. அவர்களில் பலர் நம்பியிருப்பது பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளை. 2001இல் வந்த பேஜ்மேக்கர் 7தான் அதன் கடைசிப் பதிப்பு. அது யூனிகோட் தமிழை ஏற்காது. பழைய குறியாக்க எழுத்துருக்களில்தான் ஓடும். திருமணப் பத்திரிகையும் கோயில் அழைப்பிதழும் அடிக்கும் எத்தனையோ சிறு அச்சகங்களும், வீட்டிலேயே தட்டச்சு வேலை செய்பவர்களும் அதற்காகவே பழைய விண்டோஸை விடாமல் வைத்திருக்கிறார்கள். அதைத் தூக்கிப் போடுங்கள் என்று சொல்வது சுலபம். அவர்கள் பிழைப்பு அதில் இருக்கிறது. அவர்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. அந்தக் கணினியின் இணைய இணைப்பை அடியோடு பிடுங்கிவிடுவது. மின்னஞ்சல், வாட்ஸ்அப், பதிவிறக்கம் எல்லாம் இன்னொரு கணினியிலோ கைப்பேசியிலோ. கோப்பைக் கொண்டுபோகும் பென் டிரைவை முதலில் புதிய கணினியில் செருகிச் சோதித்த பிறகே பழையதில் செருகுவது. ‘நியூ ஃபோல்டர்’ என்ற பெயரில், ஃபோல்டர் படத்தோடு, பின்னால் இஎக்ஸ்இ வாலை மறைத்துக்கொண்டு பென் டிரைவிலிருந்து பென் டிரைவுக்குத் தாவிய வைரஸை பிரவுசிங் சென்டர் காலத்தில் கணினி பழகிய யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.

‘கிராக்’ கோப்பு என்ன செய்கிறது?

ஒரு வீட்டில் இது எப்படி நடக்கிறது என்று அருகில் போய்ப் பார்ப்போம். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிள்ளைக்கு வீடியோ எடிட்டிங் கற்க ஆசை. மென்பொருளின் விலை வீட்டுப் பட்ஜெட்டில் அடங்காது. இணையத்தில் ‘கிராக்’ என்று தேடினால் நூறு தளங்கள். ஒன்றில் பதிவிறக்கினால் ஒரு சுருக்கக் கோப்பு வருகிறது. அதற்குக் கடவுச்சொல்லும் பக்கத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது. கடவுச்சொல் எதற்கு? பூட்டிய பொட்டலத்துக்குள் என்ன இருக்கிறது என்று ஆன்டிவைரஸால் பார்க்க முடியாது, அதற்குத்தான். உள்ளே ஒரு சிறு குறிப்பு: ‘நிறுவும் முன் ஆன்டிவைரஸை அணைத்துவிடுங்கள், அது தவறாக எச்சரிக்கும்’. பிள்ளை அணைக்கிறான். ஏற்கெனவே கடையில் அணைத்துக் கொடுத்திருந்தால் அந்த வேலையும் மிச்சம்.

2018 முதல் வீட்டுக் கணினிகளை வாட்டிய ‘ஸ்டாப்’ என்ற பிணை வைரஸ் முக்கியமாக இந்த வழியில்தான் பரவியது. பெரிய நிறுவனங்களைத் தாக்கும் கூட்டங்கள் கோடிகளில் பேரம் பேசிக்கொண்டிருந்தபோது, இதை இயக்கியவர்கள் மாணவர்களையும் சிறு ஸ்டூடியோக்களையும் வீடுகளையும் நம்பியே தொழில் நடத்தினார்கள். கிராக் கோப்பை இருமுறை சொடுக்கியதும் விண்டோஸ் அப்டேட் ஆகிறது என்று ஒரு பெட்டி வந்து நிற்கும். வட்டு ஏன் இப்படி உறுமுகிறது என்ற சந்தேகம் வராமல் இருக்க அந்தப் போலிப் பெட்டி. அதன் பின்னால் புகைப்படங்கள், ஆவணங்கள், வீடியோக்கள் ஒவ்வொன்றாகப் பூட்டப்படும். நேரம் மிச்சமாகட்டும் என்று ஒவ்வொரு கோப்பிலும் முதல் 150 கிலோபைட் அளவை மட்டும் பூட்டும். ஒரு புகைப்படம் திறக்காமல் போக அதுவே தாராளம். கோப்புப் பெயர்களின் கடைசியில் யாருக்கும் புரியாத நான்கு எழுத்துகள் ஒட்டிக்கொள்ளும். ஒவ்வொரு ஃபோல்டரிலும் ‘ரீட்மீ’ என்று ஒரு குறிப்பு: 980 டாலர் கொடுங்கள், 72 மணி நேரத்துக்குள் பேசினால் பாதி, 490 டாலர். உதவி தேடி வைரஸ் ஒழிப்புத் தளங்களுக்குப் போகப் பார்த்தால் அவை திறக்காது. அந்த முகவரிகளையும் வைரஸ் அடைத்திருக்கும். பல வீடுகளில் இதோடு கூடவே, பிரவுசரில் சேமித்த கடவுச்சொற்களைத் திருடும் இன்னொரு நிரலும் இறங்கியிருந்தது.

பிள்ளை இழந்தது எடிட்டிங் மென்பொருளை அல்ல. தாத்தாவின் கடைசிப் பிறந்தநாள் படங்களையும், அக்காவின் திருமண வீடியோவையும், அப்பா பத்து வருடமாகச் சேர்த்த வரவு செலவுக் கணக்கையும்.

இங்கே ஒரு தகவல் பலருக்குத் தெரியாமலே இருக்கிறது. பெயர் பெற்ற நிறுவனத்தின் மடிக்கணினியை விண்டோஸோடு வாங்கியிருந்தால், அதன் உரிம எண் பெரும்பாலும் கணினியின் மதர்போர்டிலேயே பதிந்திருக்கும். விண்டோஸ் 8 காலத்திலிருந்தே இந்த ஏற்பாடு. ஃபார்மேட் செய்துவிட்டு அதே ‘ஹோம்’ பதிப்பை மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து இறக்கி நிறுவினால், இணையத்தில் இணைந்ததும் அது தானாகவே உரிமம் பெற்றுக்கொள்ளும். காசு கொடுத்து வாங்கிய உரிமம் கணினிக்குள் இருக்க, அதன் மேலேயே கடையில் ‘புரோ’ பதிப்பைத் திருட்டுத்தனமாக ஏற்றி, ஆக்டிவேட்டரையும் போட்டு அனுப்பிவைக்கும் கொடுமை தினமும் நடக்கிறது. “எந்தப் பதிப்போடு வந்ததோ அதையே போடுங்க, ஆக்டிவேட்டர் வேண்டாம்” என்று கடையில் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

உரிமம் வாங்க வழியில்லாத மென்பொருளுக்குப் பதிலாகச் சட்டப்படி இலவசமாகவே கிடைப்பவை இருக்கின்றன. ஆபீஸுக்கு லிப்ரே ஆபீஸ். அதைத் தமிழ் இடைமுகத்தோடும் பயன்படுத்தலாம். படத்துக்கு கிம்ப், வரைகலைக்கு இங்க்ஸ்கேப், வீடியோவுக்கு டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பு. பழகச் சில வாரம் ஆகும். அந்தச் சில வாரத்தை மிச்சப்படுத்தப் போய் பத்தாண்டுப் படங்களை இழந்த வீடுகள் உண்டு.

பார்த்தால் தெரியாத வால்

2000ஆம் ஆண்டு மே மாதம் மணிலாவிலிருந்து கிளம்பிய ‘ஐ லவ் யூ’ மின்னஞ்சலின் இணைப்பு, பார்ப்பவர் கண்ணுக்கு வெறும் எழுத்துக் கோப்பாகத்தான் தெரிந்தது. அதன் பெயரில் ‘டிஎக்ஸ்டி’ என்ற வால் இருந்தது. அதற்கும் பின்னால் ‘விபிஎஸ்’ என்று இன்னொரு வால். அது இயங்கும் நிரல் என்பதைக் காட்டும் உண்மையான வால். தெரிந்த கோப்பு வகைகளின் கடைசி வாலை விண்டோஸ் மறைத்துக் காட்டும் என்பதால் யாருக்கும் அது கண்ணில் படவில்லை. முகவரிப் புத்தகத்தில் இருந்த எல்லோருக்கும் தன்னைத்தானே அனுப்பிக்கொண்டு, ஒரே நாளில் உலகைச் சுற்றியது. பிரிட்டிஷ் நாடாளுமன்றமே மின்னஞ்சலை நிறுத்திவைக்க நேர்ந்தது. எழுதிய இளைஞரைத் தண்டிக்கப் பிலிப்பைன்ஸில் அன்று சட்டம் இல்லை. அடுத்த மாதம்தான் இயற்றினார்கள்.

இன்னும் விண்டோஸ் அந்த வாலை மறைத்தே காட்டுகிறது என்பது நம்ப முடியாத உண்மை. ‘இன்வாய்ஸ்.பிடிஎஃப்’ என்று வந்து நிற்கும் கோப்பின் முழுப்பெயர் ‘இன்வாய்ஸ்.பிடிஎஃப்.இஎக்ஸ்இ’ ஆக இருக்கலாம். ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் ‘வியூ’ பட்டியலில் ‘ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்’ என்பதை ஒருமுறை தேர்ந்துவிட்டால் எல்லா வாலும் தெரியும். அரை நிமிட வேலை. யாருக்காவது கணினி வாங்கிக் கொடுத்தால் இதை முதல் வேலையாகச் செய்து கொடுக்கலாம்.

கடந்த சில ஆண்டுகளில் வந்திருக்கும் தந்திரம் இதைவிடக் கூர்மையானது. ஏதோ ஒரு தளத்தைத் திறந்தால், ‘நீங்கள் ரோபோ அல்ல என்று உறுதிசெய்யுங்கள்’ என்று வழக்கமான ஒரு கட்டம். அதைச் சொடுக்கியதும் அடுத்த அறிவுரை வருகிறது: விண்டோஸ் பொத்தானையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்துங்கள், பிறகு கண்ட்ரோலும் வியும், பிறகு என்டர். கட்டத்தைச் சொடுக்கிய நொடியிலேயே ஒரு கட்டளை வாசகம் கணினியின் நினைவில் நகலெடுக்கப்பட்டிருக்கும். அழுத்தச் சொன்ன வரிசை அந்தக் கட்டளையைக் கணினியில் ஒட்டி, இயக்கி, வைரஸை வரவழைக்கும் வரிசை. கணினிக்குச் சொந்தக்காரரே தன் விரலால் கட்டளை கொடுப்பதால் பல தடுப்புகள் விலகிநிற்கின்றன. எந்த உண்மையான தளமும், தான் மனிதர் என்று நிரூபிக்க ஒருவரை விண்டோஸ் பொத்தானைத் தொடச் சொல்லாது.

இப்படி நுழைபவற்றில் முன்னணியில் இருந்தது ‘லும்மா’ என்ற திருடும் வைரஸ். 2025 மார்ச் 16 முதல் மே 16 வரையிலான இரண்டே மாதங்களில் 3,94,000 விண்டோஸ் கணினிகளில் இது இருந்ததாக மைக்ரோசாஃப்ட் கண்டறிந்தது; அந்த மே மாதம் பல நாட்டுக் காவல் அமைப்புகளோடு சேர்ந்து அதன் வலையமைப்பை முடக்கவும் செய்தது. இவ்வகை வைரஸ்கள் எதையும் பூட்டுவதில்லை, மிரட்டுவதில்லை. வந்த தடமே தெரியாமல் கடவுச்சொற்களையும் ‘குக்கி’களையும் அள்ளிக்கொண்டு போய்விடுகின்றன. மின்னஞ்சலுக்குள் நுழைந்தபின் ஒவ்வொரு முறையும் கடவுச்சொல் கேட்காமல் இருப்பதற்காகப் பிரவுசர் வைத்திருக்கும் அனுமதிச் சீட்டுதான் குக்கி. அதையே திருடிவிட்டால் ஓடிபி-கூடத் தேவைப்படாமல் கணக்குக்குள் போய்விடலாம். வீட்டுக் கணினியின் பிரவுசரில் வங்கிக் கடவுச்சொல்லைச் சேமித்து வைக்காமல் இருப்பதும், வேலை முடிந்ததும் ‘லாக் அவுட்’ செய்வதும் பழைய பாணிப் பழக்கம் போலத் தோன்றலாம். இந்தத் திருட்டுக்கு எதிராக அவை இன்றும் பயன்படுகின்றன.

ஆன்டிவைரஸ் எங்கே நிற்கிறது?

எல்லா வைரஸையும் தவறாமல் கண்டுபிடிக்கும் ஒரு நிரலை எழுதவே முடியாது என்று, ‘கணினி வைரஸ்’ பற்றி முதன்முதலில் ஆராய்ந்தவர்களில் ஒருவரான ஃப்ரெட் கோஹன் 1980களிலேயே கணித முறையில் நிறுவிவிட்டார். ஜெர்மனியின் ஏவி-டெஸ்ட் நிறுவனம் நாளொன்றுக்கு நான்கரை லட்சத்துக்கும் மேற்பட்ட புதிய தீநிரல்களையும் தேவையற்ற நிரல்களையும் பதிவுசெய்வதாகச் சொல்கிறது. எந்தக் காவலாளியும் இத்தனை முகங்களையும் அடையாளம் வைத்துக்கொள்ள முடியாது.

அதற்காக ஆன்டிவைரஸே வேண்டாம் என்று பொருள் அல்ல. விண்டோஸ் 8லிருந்து டிஃபெண்டர் முழு ஆன்டிவைரஸாகவே விண்டோஸோடு சேர்ந்து வருகிறது. அதை அணைக்காமல் வைத்திருந்தால் சாதாரண வீட்டுக்குப் போதும். காசு கொடுத்து வாங்குவது என்றால், 1991இல் சென்னையில் பிறந்த கே7 போல, நம் ஊரிலேயே உருவான நிறுவனங்களும் இருக்கின்றன. எது இருந்தாலும் அது சிவப்பு எச்சரிக்கை காட்டும்போது அதைக் கேட்க வேண்டும். ‘கிராக் போட்டா அப்படித்தான் காட்டும்’ என்று தள்ளிவிட்டுப் போவதுதான் மேலே சொன்ன பிள்ளையின் வீட்டில் நடந்தது.

டிஃபெண்டருக்குள்ளேயே ‘கண்ட்ரோல்டு ஃபோல்டர் ஆக்சஸ்’ என்று ஒரு வசதி உறங்கிக்கொண்டிருக்கிறது. முன்பின் தெரியாத நிரல் எதுவும் படங்கள், ஆவணங்கள் இருக்கும் ஃபோல்டர்களில் கைவைக்க விடாமல் தடுப்பது அதன் வேலை. பிணை வைரஸுக்கு எதிராகவே 2017இல் கொண்டுவரப்பட்டது. ஆனால் தானாக இயங்காது. நாம்தான் தேடிப்போய் இயக்க வேண்டும். அதேபோல, வீட்டில் எல்லோரும் ‘அட்மினிஸ்ட்ரேட்டர்’ கணக்கிலேயே கணினியைப் பயன்படுத்துகிறார்கள். பிள்ளைகளுக்கும் அன்றாட வேலைக்கும் ‘ஸ்டாண்டர்டு’ கணக்கு ஒன்றைப் பிரித்துக் கொடுத்தால், எதையாவது நிறுவும்போது பெரியவரின் கடவுச்சொல் கேட்கும். அந்தக் கேள்வி வரும் நேரத்தில் குடும்பத்தில் ஒரு பேச்சு நடக்கும்; பல விபத்துகள் அந்தப் பேச்சிலேயே நின்றுவிடும்.

திரை முழுக்க ‘உங்கள் கணினியில் வைரஸ், இந்த எண்ணை அழையுங்கள்’ என்று அலறும் பக்கம் வைரஸ் அல்ல, வெறும் விளம்பரப் பலகை. பிரவுசரை மூடினால் போய்விடும். அந்த எண்ணை அழைத்து, அவர்கள் சொல்லும் ரிமோட் செயலியை நிறுவினால்தான் உண்மையான ஆபத்து தொடங்கும்.

மூலையில் சிமிட்டிக்கொண்டிருக்கும் வைஃபை ரௌட்டரையும் மறக்கக் கூடாது. 2016 அக்டோபர் 21 அன்று அமெரிக்காவில் ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் உள்ளிட்ட பெரிய தளங்களை முடக்கிய ‘மிராய்’ தாக்குதலில் படையாகத் திரட்டப்பட்டவை வீட்டு ரௌட்டர்களும் சிசிடிவி கேமராக்களும். தொழிற்சாலையில் வைத்து அனுப்பிய கடவுச்சொற்களில் அறுபதுக்கும் சற்று அதிகமானவற்றை வரிசையாகப் போட்டுப் பார்த்ததே அதன் மொத்தத் திறமை. ‘அட்மின்’, ‘அட்மின்’ என்று விட்டுவைத்தவர்களின் கருவிகள் அன்று பிறருடைய போருக்குப் போயின.

யார் செய்ய வேண்டியது?

இவ்வளவையும் வீட்டுக்காரர் தலையில் கட்டுவது நியாயம் இல்லை. எக்ஸ்பி-க்கு 2004 ஆகஸ்டில் வந்த இரண்டாம் சர்வீஸ் பேக்கில் மைக்ரோசாஃப்ட் செய்த மிக முக்கியமான காரியம், ஃபயர்வாலைத் தானாகவே இயங்கும்படி வைத்தது. பிளாஸ்டர் போன்ற புழுக்கள் சுலபமாக நுழைந்த காலம் அதோடு முடிவுக்கு வரத் தொடங்கியது. பென் டிரைவைச் செருகியதும் நிரல் தானாக ஓடும் ‘ஆட்டோரன்’ வசதியை 2011 பிப்ரவரியில் பழைய விண்டோஸ்களிலும் அப்டேட் மூலம் நிறுத்தியதும் அவ்வகைத் தொற்று குறைந்தது. மக்கள் ஒரே இரவில் விழிப்படைந்துவிடவில்லை. தயாரித்தவர் தாழ்ப்பாளைப் போட்டே கொடுத்தார்.

அதே பொறுப்பு இங்கே இணைய நிறுவனங்களுக்கு இருக்கிறது. இணைப்பு கொடுக்க வரும் ஊழியர், ரௌட்டரின் கடவுச்சொல்லை வீட்டுக்காரரை வைத்தே மாற்றிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். சர்வீஸ் கடைகளுக்கும் இருக்கிறது. ஃபார்மேட் செய்த கணினியோடு என்னென்ன மென்பொருள் ஏற்றப்பட்டது, அப்டேட்டும் டிஃபெண்டரும் இயங்குகின்றனவா என்று ஒரு சீட்டு எழுதித் தரும் வழக்கம் வர வேண்டும். அந்தக் கடைகளில் வேலை செய்யும் இளைஞர்களுக்கு ஐடிஐ-களில் குறுகிய காலப் பயிற்சி தர அரசால் முடியும். மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு 2004லிருந்து இயங்குகிறது. அது 2017இல் தொடங்கிய ‘சைபர் ஸ்வச்தா கேந்திரா’ இலவச வைரஸ் நீக்கக் கருவிகளைத் தருகிறது. இப்படி ஒன்று இருப்பதே கடைத்தெருவுக்குத் தெரியாது. அதன் எச்சரிக்கைகள் எளிய தமிழில், கடைச் சுவர் வரை வந்து சேர வேண்டும்.

வீட்டுக்காரர் மட்டுமே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. முக்கியமான கோப்புகளுக்கு இன்னொரு பிரதி. சில ஆயிரம் ரூபாய்க்கு வெளி ஹார்டு டிஸ்க் ஒன்று வாங்கி, மாதம் ஒருமுறை, சம்பளம் வந்த ஞாயிற்றுக்கிழமை என்று வைத்துக்கொள்ளலாம், படங்களையும் ஆவணங்களையும் நகலெடுத்து, முடிந்ததும் கழற்றிப் பீரோவில் வைத்துவிட வேண்டும். கழற்றுவதுதான் இதில் முக்கியம். செருகியே இருக்கும் டிஸ்க்கையும் பிணை வைரஸ் பூட்டிவிடும். இணையச் சேமிப்பில் வைப்பவர்கள், பூட்டப்பட்ட கோப்பே மேலேறி நல்ல கோப்பின் இடத்தில் உட்கார்ந்துவிடக்கூடும் என்பதால், பழைய பதிப்பைத் திரும்ப எடுக்கும் வசதி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது.

எல்லாம் மீறி ஒருநாள் கோப்புகள் பூட்டப்பட்டுவிட்டால், முதலில் இணையத்தைத் துண்டித்து, செருகியிருக்கும் டிஸ்க்குகளைக் கழற்ற வேண்டும். கடவுச்சொற்களை வேறொரு கணினியிலிருந்தோ கைப்பேசியிலிருந்தோ மாற்ற வேண்டும். பணம் போயிருந்தால் உடனே 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும். மிரட்டுபவர்களுக்குப் பணம் கொடுத்தாலும் சாவி வரும் என்பதற்கு எந்த உறுதியும் கிடையாது. நெதர்லாந்து காவல் துறையும் யூரோபோலும் பாதுகாப்பு நிறுவனங்களும் சேர்ந்து 2016இல் தொடங்கிய ‘நோ மோர் ரான்சம்’ தளத்தில், பல வகைப் பூட்டுகளுக்கு இலவசச் சாவிகள் இருக்கின்றன.

சாவி அன்றைக்கே இல்லாமல் போகலாம். அப்போது கடைக்குத் தூக்கிக்கொண்டு போனால் அதே பதில்தான் கிடைக்கும்: “ஃபார்மேட் போட்டுடலாம்.” அதற்குத் தலையாட்டும் முன், பூட்டப்பட்ட கோப்புகளையும் அந்த ‘ரீட்மீ’ குறிப்பையும் அப்படியே ஒரு டிஸ்க்கில் நகலெடுத்து எடுத்துவைக்க வேண்டும். ஸ்டாப் வைரஸின் 148 வகைகளுக்கான திறப்புக் கருவியை எம்சிசாஃப்ட் நிறுவனம் 2019 அக்டோபரில் இலவசமாக வெளியிட்டபோது, அந்த வகைகள் சிலவற்றால் தாக்கப்பட்டவர்கள் மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். பூட்டிய கோப்புகளைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தவர்களுக்கு, திறந்து பார்க்கக் கையில் ஏதோ இருந்தது. ஃபார்மேட் போட்டுவிட்டவர்களிடம் சாவியைச் செருகப் பூட்டே மிஞ்சவில்லை.